விநாடியும் வயதும்: மூத்தோர் தடகளம் – வாசகர் கேள்வி பதில்

35 வயதைத் தாண்டிவிட்டால் தடகளத்தில் நீங்கள் 'மாஸ்டர்ஸ்'. அதன்பின் ஐந்து ஐந்து வயதாகப் பிரிவுகள். சென்னை நேரு ஸ்டேடியத்தில் 2025 நவம்பரில் ஆசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்த பிறகு, 'இந்த வயதில் ஓடலாமா?' என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். 'ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன், ஏன் வெறுத்துப்போகிறது?' என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். இந்த முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கல்லூரியில் 200 மீட்டரை 23.1 விநாடியில் ஓடியவன். இப்போது வயது 57. இரண்டு வருடத்துக்கு முன் 28.9, போன வருடம் 29.1, இந்த வருடம் 29.4. ஒரு நாள் தவறாமல் பயிற்சி செய்தும் பின்னால்தான் போகிறேன். எதற்கு இந்தப் பாடு என்றிருக்கிறது.
– மதுரை வாசகர்

முதலில் அந்த 23.1-ஐப் பார்ப்போம். கல்லூரி விளையாட்டு விழாவில் யாரோ ஒரு ஆசிரியர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கி எடுத்த நேரம்தானே? கைக்கடிகார நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடி கூட்டிக்கொள்வது வழக்கம். முதுகில் எவ்வளவு காற்று தள்ளியது என்று அன்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள். விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் அது சாதனைக் கணக்கிலேயே வராது. ஆக, நீங்கள் போட்டி போட்டுக்கொண்டிருக்கும் அந்த இளைஞன் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வேகமானவன் அல்ல.

இப்போது 28.9-லிருந்து 29.4. இரண்டு வருடத்தில் அரை விநாடி, அதாவது வருடத்துக்கு 1 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. ஐம்பதுகளில் ஒழுங்காகப் பயிற்சி செய்யும் விரைவோட்டக்காரருக்கும் ஏறக்குறைய இந்த அளவு குறையும். உங்கள் பயிற்சி தோற்கவில்லை, உங்கள் அளவுகோல் தப்பு.

சரியான அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பு ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு உச்ச நேரத்தை அட்டவணையாக வைத்திருக்கிறது. அந்த நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வயதுச் சதவீதம் கிடைக்கும். கணக்கு புரிவதற்காக, 56 வயதுக்கு உச்ச நேரம் 24.0 என்று வைத்துக்கொள்வோம். 29.1 ஓடினால் 82.5 சதவீதம். அடுத்த வயதுக்கு அது 24.25 என்றால், 29.4 ஓடினாலும் அதே 82.5. இம்மியும் இறங்கவில்லை. 60-ஐத் தாண்டினால் உள்ளூர்த் தரம், 70 மண்டலத் தரம், 80 தேசியத் தரம், 90 உலகத் தரம் என்பது பொதுவான கணக்கு. உண்மையான எண்ணை அட்டவணையில் பார்த்து, இந்தச் சதவீதத்தை மட்டும் நோட்டில் எழுதுங்கள். விநாடியைப் பக்கத்தில் சின்னதாக எழுதினால் போதும்.

இரண்டாவது, உங்கள் நாட்காட்டி. மாஸ்டர்ஸில் வாழ்க்கை ஐந்து வருடச் சுற்றாக ஓடுகிறது. 55 வயதில் நீங்கள் அந்தப் பிரிவின் 'பையன்'. 59 வயதில் அதே பிரிவின் தாத்தா. பிறகு 60 வந்தால் மறுபடி பையன். (பிறந்தநாளில் வயது கூடியதற்கு மனதாரச் சந்தோஷப்படும் ஒரே கூட்டம் இதுதான்.) 57, 58, 59 மூன்றும் அடித்தளம் போடும் வருடங்கள். வலுவைக் கூட்டுவது, பழைய காயத்தைச் சரிசெய்வது, ஓடும் முறையைத் திருத்துவது எல்லாம் இப்போது. பதக்கக் கணக்கை 60-க்கு வையுங்கள். உலகப் போட்டிகளில் வயதுப் பிரிவைப் போட்டியின் முதல் நாளன்று உள்ள வயதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அதனால் பிறந்தநாளையும் போட்டித் தேதியையும் சேர்த்துப் பார்த்துத் திட்டமிடலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: எதை அளப்பது? வயதாகும்போது விரைவோட்டத்தில் ஒரு விநாடிக்கு வைக்கும் காலடி எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. காலடியின் நீளம் குறைகிறது, பாதம் தரையில் தங்கும் நேரம் கூடுகிறது. அதாவது தரையை உதைத்துத் தள்ளும் வலுதான் போகிறது. 57-இல் முயன்றால் ஏற்றக்கூடிய எண்களும் அங்கேயே இருக்கின்றன: நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டல், நின்று புறப்பட்டு 30 மீட்டர், ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்தும் எண்ணிக்கை, தரையிலிருந்து தூக்கும் எடை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை, அதே மைதானம், அதே நேரம், அதே ஷூவோடு இந்த நான்கையும் சோதியுங்கள். மற்ற நாட்களில் ஸ்டாப்வாட்ச்சை வீட்டில் வையுங்கள். தினமும் நேரம் பார்ப்பவர் தினமும் பந்தயம் ஓடுகிறார், அதனால்தான் சீக்கிரம் வெறுத்துப்போகிறது.

44 வயதில் 400 மீட்டர் ஓட ஆரம்பித்தேன், இப்போது 49. நான்கு மாதத்தில் மூன்று முறை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. பத்து நாளில் வலி போய்விடும், மைதானத்துக்குப் போவேன், முதல் வேகமான ஓட்டத்திலேயே மறுபடி 'சுரீர்'. பொறுமையாக இருங்கள் என்கிறார்கள். எத்தனை நாள் பொறுமையாக இருப்பது?
– கோவை வாசகி

'பொறுமையாக இரு' என்பது அறிவுரையே இல்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால்தான் காத்திருக்க முடியும். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: பத்து நாளில் வலி போகிறது, வலு வரவில்லை. கிழிந்த தசை நார் பாரம் தாங்கும் அளவுக்குத் தேற, நடுத்தரக் காயமென்றால் ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். நடப்பதற்கும் 400 மீட்டரின் முதல் வளைவுக்கும் இடையில் ஐந்து படி இருக்கின்றன. நீங்கள் ஒரே தாவலில் மேலே போகிறீர்கள்.

முதல் நான்கு நாள் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறோம்: எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள், இழுத்து நீட்டாதீர்கள், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். உள்ளே ரத்தக்கசிவு கூடும். அந்த நாட்களில் இறுக்கமான கட்டு, காலை உயர்த்தி வைப்பது, வலிக்காத அளவுக்கு நடப்பது போதும். அடிபடாமலேயே கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தாலோ, குதிகாலுக்கு மேலே 'டப்' என்று சத்தம் கேட்டு நுனிக்காலில் எழும்பவே முடியாவிட்டாலோ அன்றே டாக்டர். முதலாவது ரத்தக்கட்டியாக இருக்கலாம், இரண்டாவது தசைநாண் அறுந்ததாக இருக்கலாம்.

பிறகு படிகள். அரை மணி நேரம் வேகமாக நடந்து, மறுநாள் காலையிலும் வலி இல்லை என்றால் முதல் படி முடிந்தது. இரண்டாவது, குதிகால் உயர்த்தல். முதலில் இரண்டு காலாலும், பிறகு ஒற்றைக்காலால். முழங்காலை நீட்டி 25, லேசாக மடக்கி 25, காயப்பட்ட காலும் நல்ல காலும் சமமாகச் செய்ய வேண்டும். மடக்கிச் செய்வதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு வேலை கொடுப்பது அதுதான். மூன்றாவது, ஒற்றைக்காலில் நின்ற இடத்தில் 20 குதி, வலியில்லாமல். நான்காவது, ஒரு நிமிடம் மெதுவோட்டம் ஒரு நிமிடம் நடை என்று பத்துச் சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று முறை. ஐந்தாவதாகத்தான் 60–80 மீட்டர் ஓட்டங்கள்: 60 சதவீத வேகம், அடுத்த முறை 70, அதற்கடுத்து 80, ஒவ்வொன்றுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள். 80-இல் இரண்டு வாரம் தங்குங்கள். அதன்பின் 90. அதற்கும் பிறகுதான் ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ), கடைசியாக ஸ்டார்ட்டிங் பிளாக் (காலை உதைத்துப் புறப்படும் கட்டை). ஸ்பைக்ஸில் குதிகால் தாழ்ந்திருப்பதால் கெண்டைக்காலுக்குத் திடீரென்று பாரம் கூடுகிறது. பலருக்கு மறுகாயம் நேர்வது முதல் ஸ்பைக்ஸ் நாளில்தான் என்று சொன்னால் பயிற்சியாளர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு படியில் வலித்தால் நின்றுவிட வேண்டியதில்லை, ஒரு படி கீழே இறங்கி இரண்டு முறை செய்துவிட்டு மறுபடி ஏறுங்கள். இப்படிச் செய்தால் காத்திருக்கும் நாட்களிலும் தினமும் ஒரு வேலை, நோட்டில் ஒரு எண். சும்மா இருப்பதுதான் மனதைக் கெடுக்கிறது.

குதிகால் தசைநாணில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: படிக்கட்டு விளிம்பில் நின்று நுனிக்காலிலிருந்து குதிகாலை மெதுவாக இறக்கும் பயிற்சி, முழங்கால் நீட்டி 15 தடவை மூன்று செட், மடக்கி 15 தடவை மூன்று செட், காலையும் மாலையும், 12 வாரம். வலி எலும்பை ஒட்டிய இடத்தில் என்றால் படிக்குக் கீழே இறக்காமல் சமதரையிலேயே செய்யுங்கள். மூன்றாவது வாரத்தில் 'ஒன்றும் ஆகவில்லை' என்று விடுபவர்களே அதிகம். தசைநாண் தசையைப் போல வேகமாக மாறாது.

உங்கள் வயதில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தசை, தசைநாண், எலும்பு மூன்றும் பாதிக்கப்படுகின்றன. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் டி பரிசோதனை ஒரு முறை செய்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சி, அதுவும் ஐந்தாறு முறைக்கு மேல் தூக்க முடியாத எடையில். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2-லிருந்து 1.6 கிராம் வரை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு). 60 கிலோ என்றால் 72–96 கிராம். மூன்று இட்லியும் சாம்பாரும் 10 கிராம் பக்கம்தான் வரும். காலையிலேயே இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலும் தயிருமோ சேராவிட்டால் அந்தக் கணக்கு ராத்திரி வரை நிறையாது.

வயது 46. 400 மீட்டரில் எட்டு மாதமாக 65 விநாடியிலேயே நிற்கிறேன். வாரம் ஐந்து நாள் கடுமையாக உழைக்கிறேன். இன்னும் கூட்டவா?
– சேலம் வாசகர்

குறையுங்கள். ஐந்து நாளும் கடுமை என்றால் ஐந்து நாளும் அரைகுறை வேகம் என்று பொருள். 46 வயதில் ஒரு முழுவேகப் பயிற்சியிலிருந்து தேற மூன்று நாள், சில சமயம் நான்கு நாள் ஆகிறது. ஏழு நாள் வாரம் பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் போட்ட கணக்கு, தசைக்கு அது தெரியாது. இரண்டு வாரத்தை ஒரே சுற்றாக எடுத்து, அதில் மூன்றே மூன்று வேக நாள் வையுங்கள்: முதல் ஞாயிறு, அந்த வாரம் வியாழன், அடுத்த வாரம் செவ்வாய். பிறகு ஞாயிற்றிலிருந்து அடுத்த சுற்று. இடைவெளி நான்கு, ஐந்து, ஐந்து நாளாக வரும்.

ஞாயிறு தூய வேகம்: 30 மீட்டர் நான்கு, 60 மீட்டர் மூன்று. 30-க்குப் பிறகு மூன்று நிமிடம், 60-க்குப் பிறகு ஆறு நிமிட ஓய்வு. 'மூச்சு வந்துவிட்டதே' என்று ஓய்வைக் குறைத்தால் அது வேகப் பயிற்சியாகவே இருக்காது, நரம்பும் தசையும் தேற மூச்சைவிட அதிக நேரம் வேண்டும். வியாழன் 200 மீட்டர் மூன்று, 92–95 சதவீத வேகம், நடுவில் எட்டிலிருந்து பத்து நிமிடம். செவ்வாய் 300, 200, 150 என்று இறங்கு வரிசை, தாராளமான ஓய்வோடு. இடைப்பட்ட நாட்களில் இரண்டு எடைப்பயிற்சி, இரண்டு நாள் புல்தரையில் 100 மீட்டர் எட்டு முறை 70 சதவீத வேகத்தில், திரும்பி நடந்து வருவதே ஓய்வு. மிச்சமெல்லாம் நடை, தூக்கம். மூன்றாவது 200-இல் நேரம் முதலாவதைவிட ஒரு விநாடிக்கு மேல் கூடினால் அன்றைய பயிற்சியை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சந்தேகம்: உங்கள் முதல் 200 மீட்டர் எவ்வளவு? தனி 200-இல் 29 ஓடுபவர் 400-இன் முதல் பாதியை 30.5–31-இல் கடக்க வேண்டும். 29.6-இல் கடந்தால் அந்த ஒரு விநாடிக்குக் கடைசி 80 மீட்டரில் வட்டியோடு கட்டுவீர்கள். யாரையாவது 200 கோட்டில் வாட்ச்சோடு நிறுத்தி ஒரு முறை பாருங்கள். எட்டு மாதத் தேக்கத்துக்கு விடை அங்கேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

63 வயது. 800, 1500 மீட்டர் ஓடுகிறேன். பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரை. நாடித்துடிப்பை வைத்து ஓடச் சொல்கிறார் நண்பர், எவ்வளவு முயன்றாலும் 130-ஐத் தாண்டவில்லை. சோர்ந்துபோகிறேன். பந்தயத்தன்று மாத்திரையை விட்டுவிடலாமா?
– புதுச்சேரி வாசகர்

விடக்கூடாது ஐயா. பந்தயத்துக்காக மாத்திரையை நிறுத்துவது, அதிலும் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர்களைச் சட்டென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. உங்கள் நாடி 130-இல் நிற்பதற்கும் அந்த வகை மாத்திரை காரணமாக இருக்கலாம், அதன் வேலையே துடிப்பைக் கட்டுப்படுத்துவதுதான். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு மூத்தவர்களுக்குக் குறைவாகவே காட்டும் (உங்களுக்கு 157). 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது மேல் (164). பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு இரண்டுமே உதவாது. பேச்சை வைத்து ஓடுங்கள்: முழு வாக்கியம் பேச முடிந்தால் மெதுவோட்டம், மூன்று நான்கு வார்த்தைதான் வருகிறது என்றால் 1500 மீட்டருக்கான நடுத்தர வேலை, ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் அது பந்தய வேகம்.

மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன் என்ற பெயர் இருந்தால் அது சிறுநீர் பிரிக்கும் மருந்து. பி.பி. கூட்டு மாத்திரைகளில் சர்வசாதாரணமாக வருகிறது, ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. இன்சுலினும் அப்படித்தான். பீட்டா பிளாக்கருக்கு வில்வித்தை, துப்பாக்கி சுடுதல் போன்றவற்றில்தான் தடை, தடகளத்தில் இல்லை. அம்லோடிபின், மெட்ஃபார்மினுக்கும் தடையில்லை. தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போகுமுன் டாக்டரிடம் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள், மாற்று இல்லையென்றால் சிகிச்சைக்கான விதிவிலக்கு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதுப்பிக்கப்படும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஓட்டத்தில் சர்க்கரை அதிகம் தாழாது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, இன்சுலின் என்றால் வெறும் வயிற்றில் ஓடாதீர்கள். ஓடுமுன் 100-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம், பையில் எப்போதும் குளுக்கோஸ். இதயப் பரிசோதனை, டி.எம்.டி. (டிரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) உட்பட, செய்யாமல் முழுவேகப் பயிற்சி வேண்டாம். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். அது வெறும் வாயுத் தொல்லை என்று நாமே தீர்ப்பு எழுதக்கூடாது.

கூட ஓட ஆளில்லை. வீட்டில் 'பேரன் எடுக்கிற வயசுல டவுசர் போட்டுக்கிட்டு எதுக்கு?' என்கிறார்கள். காலையில் எழவே மனம் வரவில்லை. வயது 52.
– தஞ்சாவூர் வாசகர்

வீட்டாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், சொல்லி யாரும் மாறியதில்லை. எழுவதற்கு மட்டும் ஒரு வழி: முந்தின இரவே உடை, ஷூ, தண்ணீர் பாட்டில் வாசலில். மைதானத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் வார்ம்-அப், அதன்பின்னும் மனமில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் திரும்பிவிடலாம். திரும்பும் நாட்கள் குறைவாகவே இருக்கும். அப்படியில்லாமல் வாரத்தில் மூன்று நாள் திரும்ப நேர்ந்தால் அது சோம்பல் அல்ல. காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு கூடியிருக்கிறதா, தூக்கம் கெட்டிருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி அளவு மீறியிருக்கலாம். ஒரு வாரம் பாதியாகக் குறைத்தால் தெரிந்துவிடும்.

ஆள் வேண்டுமென்றால் ரிலே. உங்கள் மாவட்ட மாஸ்டர்ஸ் சங்கத்தில் 4×100-க்கு நாலாவது ஆள் கிடைக்காமல் எப்போதும் தேடிக்கொண்டிருப்பார்கள். பேட்டன் மாற்றப் பழக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வாரம் ஒரு நாள் மூன்று பேர் உங்களுக்காகக் காத்திருப்பார்கள். தனக்காக எழாதவர்கூட அதற்காக எழுந்துவிடுவார். 2012 ஐரோப்பியப் போட்டியில் ஸ்லோவேனியாவின் 4×100 அணியில் ஓடிய மெர்லின் ஓட்டிக்கு உங்கள் வயதுதான்: 52. வீட்டில் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள், பயன் இருக்குமென்று உத்தரவாதம் இல்லை.

71 வயது. பள்ளியில் குண்டெறிந்தது. இனி ஆரம்பிப்பது கேலிக்கூத்தா?
– யாழ்ப்பாண வாசகர்

இந்திய மாஸ்டர்ஸ் வீராங்கனை மான் கௌர் அம்மையார் ஓட ஆரம்பித்தது 93 வயதில். 2017-இல் ஆக்லாந்து உலக மாஸ்டர்ஸ் விளையாட்டுப் போட்டியில் 101 வயதில் 100 மீட்டரை 74 விநாடியில் முடித்தார். 71 ஒன்றும் தாமதமில்லை ஐயா.

பள்ளியில் நீங்கள் தூக்கிய எடையை மறந்துவிடுங்கள். ஆண்களுக்கு 50 வயதில் 6 கிலோ, 60-இல் 5, 70-இல் 4, 80-இல் 3 என்று குண்டு இறங்கிக்கொண்டே வரும். உங்களுடையது 4 கிலோ. ஆனால் முதல் மூன்று வாரம் அதையும் தொட வேண்டாம். ஒரு கிலோ, இரண்டு கிலோ மணல் பந்தை இரண்டு கைகளாலும் மார்பிலிருந்து தள்ளுவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது பத்துப் பத்தாக மூன்று முறை, ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது. நான்காவது வாரம் 3 கிலோ, நின்ற இடத்திலிருந்து மட்டும், ஒரு நாளைக்கு 12 எறி, வாரம் இரண்டு நாள். இரண்டு மாதம் கழித்து 4 கிலோ. கழுத்தை ஒட்டி வைத்த குண்டு கடைசி வரை கழுத்தை விட்டு விலகக்கூடாது. முழங்கை தாழ்ந்து பந்து எறிவதுபோல வீசினால் தோள்பட்டைத் தசைநாண்தான் முதலில் போகும், அந்த வயதில் அது ஆற ஆறு மாதம். சறுக்கலும் சுழலும் வேண்டாம், நின்றபடி எறிவதற்கு விதியில் தடையே இல்லை. வட்டத்துக்குள் நுழையுமுன் ஷூவின் அடியில் ஒட்டிய மணலைத் துடைத்துவிடுங்கள், சிமென்ட்டில் வழுக்கும்.